பதினேழாவது கேள்வி

அறிக்கையை வெளியிட வந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஆய்வைத் தோளில் சுமந்த மருத்துவப் பெருமக்களே, படியேறிப் படியேறிப் பாதம் தேய்ந்த என் சக களப்பணியாளர்களே, கதவு திறந்து, நாற்காலி போட்டு, எங்கள் கேள்விகளையெல்லாம் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே, பெரியோர்களே, கடைசி வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. இன்று எனக்குத் தலை நிமிரவில்லை.

இதோ, இந்த மேசையில் பளபளக்கும் கேடயம் எனக்காம். "ஒரு கட்டத்தையும் வெற்றாக விடாதவர்" என்று பொறித்திருக்கிறார்கள். உண்மைதான், விட்டதில்லை. எப்படி நிரப்பினேன் என்று கேட்டீர்களா? நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

பெண்களின் குடியும் மனநலமும். அதுதான் இந்த ஆய்வின் பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், இருபத்தேழு கேள்விகள். கேள்வித்தாளின் பிரதி ஒன்றை அவர்கள் கையிலும் கொடுப்போம். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று வரிசையாகப் போகும். பதினேழாவது கேள்வி, "நீங்கள் மது அருந்துவதுண்டா?"

அந்தக் கேள்வியை நான் கேட்டேனா? சாலை கூட்டும் பெண்களிடம் கூசாமல் கேட்டேன். இஸ்திரி போட்ட உடையில் கதவு திறந்தவர்களிடம் கேட்கவில்லை. குடும்பப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று நானே முடிவு கட்டி, நானே "இல்லை" என்று எழுதினேன். மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கல்யாணம் நடத்திய கூட்டத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். தபால் நிலையத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். மனதுக்குள் அவருக்குச் சிரிப்பக்கா என்று பெயர் வைத்திருந்தேன். எப்போது போனாலும் வாயில் கிராம்பு மணக்கும். "வேறு உபாதைகள்" என்ற கட்டத்தில் "பல்வலி" என்று எழுதினேன். ஓராண்டா, ஈராண்டா? பதினோரு ஆண்டு எழுதினேன்.

சென்ற ஆண்டு என் கால் முறிந்தது. எனக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்ந்த பெண் போனாள். அவளுக்கு என்னளவு சாமர்த்தியம் கிடையாது. தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்தாள், பதினேழையும் வாசித்தாள். சிரிப்பக்கா இரண்டு மணி நேரம் அழுதிருக்கிறார். படிவத்தோடு கூடுதலாக நான்கு தாள் வந்தது. புள்ளிவிவரம் பார்க்கும் தம்பி என் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான், "ஏன் மேடம், பதினோரு வருஷமா ஒரே பல்வலியா? இன்னும் பல்லு மிச்சமிருக்கா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்துத்தான் சமாளித்தேன். பிறகு ஊன்றுகோலோடு அந்த வீட்டுப் படியேறினேன்.

"ஏன்க்கா, இத்தனை வருஷப் பழக்கம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். "ரெண்டாவது குழந்தை பிறந்த பிறகு தூக்கமே போச்சு. செத்துடலாமான்னு இருந்துச்சு. வீட்டுக்காரர் வச்சிருந்ததுல ரெண்டு மூடி குடிச்சேன், தூக்கம் வந்துச்சு. மூடி டம்ளர் ஆச்சு. நீ வர்ற அன்னிக்கு மட்டும் காலையில தொட மாட்டேன். ராத்திரி வாடை போகட்டும்னு கிராம்ப மென்னுட்டு உக்காந்திருப்பேன். இன்னிக்குக் கேப்பா, சொல்லிடலாம்னு. நீ பதினாறை முடிச்சிட்டு, 'பதினேழு உங்களுக்கு எதுக்குக்கா'ன்னு சிரிப்ப. நானும் சிரிப்பேன். நீ படியிறங்கினதும் நேரா அடுக்களைக்குத்தான் போவேன்."

என்ன சொல்வேன் அவையோரே? ஆண்டுக்கு ஒருநாள் ஒருத்தி வாய் திறக்கக் காத்திருந்தாள். அந்த ஒருநாளும் வாசல்வரை போய் வாயை அடைத்துவிட்டு வந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அங்கே ஒரு பெரியவர், "விடுங்கம்மா, யாருதான் தப்பு செய்யல" என்கிறார். ஐயா, உங்கள் மனசு பெரிது. ஆனால் மன்னிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

இன்று அவருக்குக் கை நடுங்குகிறது. முத்திரை நேராக விழவில்லை என்று ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். குடியை விடச் சிகிச்சைக்குப் போனார். ஆண்கள் பிரிவின் வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன், பெண்களுக்குத் தனிப் பிரிவு இல்லையா? இல்லை. வருமா? தலைவர் அவர்களே, உங்கள் கையில் நாடா கட்டிய அறிக்கையில் நாற்பதாம் பக்கம் பாருங்கள். "குடிக்கும் பெண்கள் மிகச் சிலரே, தனிப் பிரிவு தேவையில்லை" என்று இருக்கிறது. அந்த "மிகச் சிலர்" என் பேனாவில் பிறந்தது.

ஆகவே அந்த நாடாவை இன்று வெட்ட வேண்டாம். கேடயமும் வேண்டாம். நான் கேளாமல் "இல்லை" என்று எழுதிய கட்டங்களில் எல்லாம் "கேட்கவில்லை" என்று என் கையாலேயே திருத்த அனுமதி கொடுங்கள். வேலையை விட்டு நீக்குவதானால் திருத்தி முடித்த பிறகு நீக்குங்கள். நாளைக் காலை முதல் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, பதினேழை வாய்விட்டு, முகம் பார்த்துக் கேட்கப் போகிறேன்.

சிரிப்பக்கா இந்த அவையில்தான் இருக்கிறார். கழுத்தைத் திருப்பாதீர்கள். "பேரு மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் சொல்லு" என்று அனுப்பியவரே அவர்தான். இன்று காலை இந்த மண்டப வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"கடையில கிராம்பு வாங்குறது நான் ஒருத்தி மட்டும் இல்லம்மா."

கேட்கப்படாமலே காத்திருக்கும் அந்தத் தாய்மார்களுக்கு என் மன்னிப்பு. கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.