சாமி இல்லாத கோயிலுக்குள்ளே

எழுமலை பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். கறுப்புச் சட்டை போட்டவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. கண்ணை மட்டும் மரியாதைக்கு மூடிக்கொண்டேன்.

“சாமியே இல்லேங்கிறவன் நான். நாளைக்கு ஒங்க ஆளுக கோயிலுக்குள்ள நுழையுறதுக்கு நான் எதுக்கு மாப்ள வரணும்?”

“சாமி இல்ல, சரி. வாசல்ல எங்கள மறிக்கிற ஒங்க சித்தப்பா இருக்காருல்ல?”

“அவரு இருக்காரு.”

“போன திருவிழாவுல அதே கோயில்ல பரிவட்டம் கட்டி நின்னியே, அது?”

“அது அப்பாவுக்காக. மூத்த மகன் நிக்கணும்ல.”

“இல்லாத சாமிகிட்ட மொத மரியாத மட்டும் வாங்கிக்கிருவியாக்கும்?”

நானும் நாத்திகன்தான். சட்டைப்பையில் எட்டிப்பார்த்த விபூதிப் பொட்டலத்தை மெல்ல உள்ளே தள்ளினேன்.

உசிலம்பட்டி தாண்டியதும் கறுப்புச் சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“சரி, வாரேன். ஆனா கொள்கைனு ஒண்ணு இருக்கு. உள்ள வரமாட்டேன், வெளியவே நிக்கிறேன்.”

“வெளிய நிக்கத்தான் நாங்க அம்புட்டுப் பேரு இருக்கமே மாப்ள. நீ உள்ள போயி கதவத் தொற.”