ரோலரில் நாலு பள்ளம்

— நிறுத்து வடிவு, நிறுத்து. ரயிலு பூடுச்சி.

— இன்னும் சத்தம் கேக்குதேய்யா.

— அது பட்டரவாக்கம் கேட்டைத் தாண்டிப் போற சத்தம். இனிமே நீ கொத்துறது தனியா கேக்கும். கம்பெனி முன்னாடி கேட்ல வேம்புலி அண்ணாத்தே காவலுக்கு ஒக்காந்துகினு கீறாரு. உளிய கீழ வையி.

— வெச்சிட்டேன். தெருவுல எத்தினி ஊட்டு அம்மி கொத்தியிருக்கேன். ஒரு நாளும் இப்டி திருட்டுத்தனமா கொத்துனது இல்ல.

— எனக்கு மட்டும் பழக்கமா? கொத்துறவ நீ, நிக்கிறவன் நானு.

— நீயாவது சும்மா நிக்கிற. சாமிக்குப் படைச்ச உளிய எடுத்தாந்தவ நானு. காலைல ஊட்ல சந்தனம் குங்குமம் வெச்சி, அருவாமணை பக்கத்துல படுக்க வெச்சிட்டு வந்தேன். நாளைக்குத்தான் எடுக்கணும். ஆயுத பூசை அன்னிக்கி ஆயுதத்தைத் தொட்டவ நான் ஒருத்திதான் இருப்பேன்.

— தொடாம இன்னா பண்றது? நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. நாளன்னைக்கி காலைல மொதலாளி வந்து மிஷினை ஓட்டச் சொல்வாரு. மொத ஷீட்டு வெளிய வரும்போதே நாலு பள்ளமும் பல்லைக் காட்டும். "கஜபதி, யாருடா கை வெச்சது"ன்னு கேப்பாரு. ரோலர் என் பொறுப்பு. இன்னான்னு சொல்வேன்?

— என் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லு.

— இப்ப கிண்டல் பண்ற நேரமா மே இது?

— கிண்டல் இல்லய்யா. நான் சொன்னதுதானே. பூசணிக்காய்க்குள்ள காசு போட்டு ஒடைக்கிறாங்களே, அந்த மாதிரி எலுமிச்சம்பழத்துல எட்டணாவைச் சொருவி உன் புது மிஷினுக்குக் குடு, திருஷ்டி பூடும்னு சொன்னேன். நான் சொன்னது சுத்திப் போட. நீ எதுக்கு மிஷினுக்குள்ள வெச்ச?

— லாரி சக்கரத்துக்கு அடியில பழத்தை வெச்சி ஏத்துறாங்க இல்ல? ரெண்டு ரோலருக்கு நடுவுல வெச்சி ஒரு சுத்து ஓட்டுனா அதே கணக்குதானேன்னு நெனச்சேன். பழம் நசுங்குச்சி. காசு அடி ரோலர்ல ஒட்டிகினு நாலு சுத்து வந்துச்சி. மேல கீறது செம்பு ரோலரு. ரெண்டும் ஒரே அளவு இல்ல, ஒவ்வொரு சுத்துக்கும் புது எடத்துல ஒரு குழி. எல்லாரும் பொரிகடலை வாங்குற கும்பல்ல இருந்தாங்க. நான் மட்டும்தான் பாத்தேன். காசைப் புடுங்கிட்டு பூவைப் போட்டு மூடிட்டேன்.

— ஊட்டுக்கு வந்து வாசப்படியில அப்டியே குந்திகினியே, யாரோ செத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்.

— செத்த மாதிரிதான். பம்பாய்ல செதுக்கி, மரப்பெட்டில வைக்கோல் போட்டு வந்த ரோலரு. ரெண்டு வருஷமா மொதலாளி இதே நெனப்பா இருந்தாரு. ஷீட்டு எல்லாரும்தான் போடுறாங்க, கையால தடவுனா மரமாட்டம் இருக்கணும், அத்த நம்ம ஊர்ல நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்னு வரவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்வாரு.

— ஷீட்டுன்னா ஷீட்டு. அதுல அப்டி இன்னாதான் கீது?

— நாலு அடுக்கு மே. அடியில கனமா ஒண்ணு. அதுக்கு மேல பன்னு மாதிரி உப்புற ஒண்ணு. அதுக்கு மேல மரம் மாதிரி அச்சடிச்சது. எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அது சூட்டுல இளகினு வரும்போது இந்த ரோலரு அமுக்கும். இதுல செதுக்கின கோடு எல்லாம் ஷீட்ல எறங்கிடும். ரோலர்ல இன்னா கீதோ அதுதான் ஷீட்டு. கோடு இருந்தா கோடு. பள்ளம் இருந்தா மேடு.

— நம்ம ஊட்ல போட்டிருக்கிற துண்டுல கோடும் இல்ல, மேடும் இல்ல. தண்ணி பட்டா வழுக்கி உடுது. போன மாசம் கொடத்தோட வுழுந்தேன்.

— அது பழைய ரோலர்ல போட்ட மொழுமொழு ஷீட்டு. ஓரம் வெட்டிப் போட்டது.

— நாலு பள்ளம்னா ரிப்பேருய்யா. ரோலரு பூரா பள்ளம்னா டிசைனு. நான் சொன்னது சரிதான், நீ பயப்புடாத.

— சின்னப்பையன்னு ஒரு ஆளு, அவன் கூட பயப்புடாமத்தான் இருந்தான். பக்கத்து கம்பெனில மோட்டாரு காணோம்னு போலீஸ் டேசனுக்கு இட்டுகினு போனாங்க. மூணு நாள் கழிச்சி வந்தான். இப்பவும் சைக்கிள் மிதிக்கிறான், ஒரு கால்ல. மோட்டாரு அப்புறம் கம்பெனிலயே கெடச்சிது.

— அந்த பேச்சை எடுக்காத. பாடில நீ வேலை பாத்த கம்பெனிய மூடுனப்போ ரெண்டு வருஷம் நீ சொவத்தைப் பாத்துகினு ஒக்காந்திருந்த. நான் பாத்தவ. பேச மாட்ட, துன்ன மாட்ட. ராத்திரில எழுந்து நீ கீறியா இல்லியான்னு தொட்டுத் தொட்டுப் பாப்பேன். டேசன் கூட எனக்கு பயம் இல்ல. நீ மறுபடியும் அந்த மாதிரி ஒக்காந்துடுவியோன்னுதான் பயம்.

— மொதலாளி இப்பத்தான் பர்மனென்ட் பண்ணாரு. நாலு மாசம் கூட ஆவல.

— தெரியும். அதனாலதான் படைச்ச உளிய எடுத்தாந்தேன். த, ஹாரன் அடிக்குது.

— வருது. இரு, இரு, இன்னும் கிட்ட வரட்டும். ம், இப்ப கொத்து. இந்தப் பக்கம் வா. கோடு மேலயே கொத்து. நெருக்கமா.

— நீ வெளக்கைப் போடு. நெழலு வுழுது.

— கரண்டு போட்டா வேம்புலிக்குத் தெரிஞ்சிடும். நாம ஏறி வந்த ஜன்னல் வெளிச்சம் போதும்.

— அம்மி கருங்கல்லு, உளிய எகிறி அடிக்கும். இது வாங்கிக்குது. ஆழமா பூட்டா?

— ஆழமா போவாத. எட்டணா பள்ளம் எவ்ளோ ஆழமோ அவ்ளோ. அது கூட்டத்துல மறையணும்.

— மறைஞ்சிடுச்சி பாரு. எங்க இருந்துச்சின்னு எனக்கே தெர்ல.

— போதும், நிறுத்து. ரயிலு தாண்டிடுச்சி.

— யோவ், ஒரு தடவ ஷீட்டுல அமுக்கிப் பாக்கலாமா? எனக்கு மனசு கேக்கல. இத்தினியும் கொத்திட்டு நாளன்னைக்கி அசிங்கமா வந்து நின்னா?

— சூடு இல்லாம எப்டி அமுக்குறது?

— ஜன்னலுக்குக் கீழ ஆஸ்பெட்டாஸ் கூரை மேல ஷீட்டு துண்டு ஒண்ணு காஞ்சிகினு கெடக்குது பாரு. ஜன்னல்லேர்ந்து கைக்கு எட்டும். வெயில்ல கொழகொழன்னு ஆயிருக்கும்.

— இரு எடுக்கறேன். யப்பா, கை பொசுங்குது. நீ அந்த முனைய நடுவுல சொருவு. நான் கையால சக்கரத்தை சுத்துறேன். வெரலு பத்திரம்.

— சுத்து. மெதுவா. வருதுய்யா, வருது. த பாரு.

— கண்ணை மூடிகினு கீறேன். நீ சொல்லு.

— கண்ணைத் தெறந்து பாருய்யா. பள்ளம் எது கோடு எதுன்னு ஒன்னியும் தெர்ல. பூரா பொடிப்பொடியா எழும்பிகினு கீது. தடவிப் பாரு. சொரசொரன்னு எவ்ளோ நல்லா கீது.

— இது மரம் மாதிரி இல்லியே மே.

— மரம் மாதிரி எதுக்கு? கொஞ்சம் இரு. அந்த சொம்புல தண்ணி கீது, ஊத்து இது மேல. நான் ஏறி நிக்கிறேன்.

— வுழுந்துடப் போற.

— ஊத்து. இன்னும் ஊத்து. பாத்தியா, கால் புடிச்சிக்குது. நம்ம ஊட்ல இருந்திருந்தா இந்நேரம் மல்லாந்திருப்பேன். உன் மொதலாளி ரெண்டு வருஷம் கண்டுபுடிச்சதுல நின்னா வழுக்கும். இதுல வழுக்கல.

— அவரு கேட்டாரா உன்னை? அவருக்கு மரம்தான் வேணும். ஆனா ஒண்ணு, செதுக்குனவன் அனுப்புனதே இப்டித்தான்னு சொல்லிப் பாக்கலாம். பெட்டியப் பிரிச்சவன் நானு, மாட்டுனவன் நானு. மொதலாளி கிட்டப் போயி தொட்டுப் பாக்கல. சொன்னா நம்புவாரோ?

— நம்ப மாட்டாரு. ஆனா உன்மேல பழி சொல்ல முடியாது. இந்த ஓரத்துல ஒரு மொழம் பாக்கி. அடுத்த ரயிலுக்கு முடிச்சிடுவேன்.

— வடிவு. பேசாத.

— இன்னா?

— பின்னாடி ஷட்டரு. யாரோ தூக்குறாங்க.

— வேம்புலி அண்ணாத்தேவா?

— அவருகிட்ட அந்த சாவி இல்ல. உளிய எடு. அந்த ஷீட்டு சுருளுக்குப் பின்னால போயி குந்து. இன்னா நடந்தாலும் வெளிய வராத.

— நீ?

— ரோலர் மேல துணிய போத்துறேன். போ மே, போ.

— யாரு உள்ளே?

— நான்தான் மொதலாளி. கஜபதி.

— கஜபதியா? பூஜை முடிஞ்சு எல்லாரையும் அனுப்பிட்டேனே. நீ ஏன் இன்னும் இருக்கே?

— சாமி வெளக்கு எரிஞ்சிகினு இருக்குமோன்னு பாக்க வந்தேன் சார். ஷீட்டெல்லாம் கீது, பத்திக்கினா?

— பாத்தாச்சில்ல. கிளம்பு.

— சார், காரு சத்தமே கேக்கல.

— பஸ்ல வந்தேன். நான் வந்தது வேம்புலிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். புரியுதா?

— புர்து சார்.

— அப்புறம் என்ன, போ.

— நீங்க முன்னாடி போங்க சார். நான் பூட்டிகினு வரேன்.

— என் ஃபேக்டரியை நான் பூட்டிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் என்னைத் தனியா விடு.

— சார், உங்க சட்டை பூரா வேர்வைல நனைஞ்சி கீது. முகம் ஒரு மாதிரி கீது. ஒடம்பு சரியில்லியா?

— ஒண்ணும் இல்ல. ரோலர் மேல ஏன் துணி கிடக்கு? காலைல பூ மட்டும்தானே இருந்தது.

— தூசி வுழக் கூடாதுன்னு சார்.

— எடு.

— வேணாம் சார்.

— எடுன்னு சொல்றேன்ல.

— சார், உங்க கால்ல வுழறேன். எடுக்காதீங்க.

— தள்ளு. என்ன இது? கஜபதி, என்ன இது? யார் கொத்தினது இதை?

— நான்தான் சார். இவரு ஒன்னியும் பண்ணல.

— யாரு இந்தப் பொம்பளை?

— என் ஊட்டுக்காரி சார். வடிவு, வராதன்னு சொன்னேனே.

— நீ சும்மா இருய்யா. சார், காசு வெச்சி திருஷ்டி கழிக்கச் சொன்னது நானு. அது ரோலர்ல நாலு பள்ளம் பண்ணிடுச்சி. அத்த மறைக்க ரோலரு பூரா கொத்துனதும் நானு. இவரு காலைலேர்ந்து ஒரு பருக்கை சோறு துன்னல. டேசனுக்கு சொல்றதுன்னா என் பேரைச் சொல்லுங்க. வேலைய மட்டும் எடுக்காதீங்க. இவருக்கு வேலை பூட்டா இன்னா ஆவாருன்னு உங்களுக்குத் தெரியாது.

— சார், அவ சொல்றது பொய்யி. சுவிட்ச் போட்டது நானு.

— ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க.

— இன்னா சார் ரோலரை அப்டித் தடவித் தடவிப் பாக்கறீங்க? திட்டியாவது தொலைங்க. எனக்கு பயமா கீது.

— எனக்கும்தான் பயமா இருக்கு கஜபதி. ஒரு வாரமா தூங்கல நான். இந்தப் பக்கம் ஒரு கோடு கூடத் தெரியலியே. அந்தப் பக்கம்?

— ஓரத்துல மட்டும் ஒரு மொழம் தெரியும் சார்.

— வாசல்ல என் பை இருக்கு. எடுத்துத் திற.

— எதுக்கு சார்?

— திறப்பா.

— சுத்தி கீது சார். உளி. ஒரு பெரிய அரம். இதெல்லாம் இன்னாத்துக்கு சார்?

— நீங்க எதுக்குக் கொண்டு வந்தீங்களோ அதுக்குத்தான். இந்த மரக் கோடு நான் கண்டுபிடிச்சது இல்ல கஜபதி. பம்பாய்ல ஒரு கம்பெனி ஷீட்டை வாங்கி, அதையே அச்செடுத்துச் செதுக்கச் சொன்னேன். என் பெருமைப் பேச்சைக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரன் கேஸ் போட்டுட்டான். நாளன்னைக்கு கோர்ட்டு ஆளு வந்து இந்த ரோலரை ஓட்டிப் பாப்பான். ரோலர் இல்லேன்னா ஒளிச்சேன்னு ஆகும், அவன் கோடு இருந்தா நான் உள்ள போவேன்.

— சார்.

— அந்த ஒரு முழத்தையும் கொத்திடும்மா. யாரும் வராம நான் வெளியே நின்னு பாத்துக்கறேன்.