சாவுக்கு வரவேண்டிய கேலிக்காரன்

—நன்றி சொல்லத்தான் வந்தேன் உவேரா மேடம். எனக்காக ஒருத்தனை வேலையை விட்டே தூக்கினீங்களே. எங்கப்பா இருந்திருந்தா உங்களுக்கு ஒரு கோழியாவது கொண்டுவந்திருப்பார்.

—உட்காருங்க தோயே. சாயங்காலம் அப்பாவை அடக்கம் பண்ணணும். இந்த நேரத்துல பாலம் கட்டுற இடத்துக்கு எதுக்கு வந்தீங்க?

—நோவாகாவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கணும் மேடம்.

—எல்லார் முன்னாலயும் உங்களை அடிமைன்னு கூப்பிட்டவனையா? நான் ருவாண்டாக்காரி. அந்த மாதிரி ஒரு வார்த்தை எங்க கொண்டுபோய் விடும்னு பார்த்து வளர்ந்தவ.

—தெரியும் மேடம். உங்க கோபத்தைப் பார்த்துத்தான் அன்னைக்கே விளக்கம் சொல்லாம போயிட்டேன். ஆனா, முதல்ல அவனை அடிமைன்னு கூப்பிட்டது நான்தான்.

—என்ன சொல்றீங்க?

—அவன் மோசி, நான் சாமோ. ரெண்டு இனத்துக்கும் கேலி முறை. அவன் என்னை நாய்த்தலை தின்னின்னு கூப்பிடணும், நான் அவனைக் கழுதை தின்னின்னு கூப்பிடணும். கோபப்பட்டவன் மானம் போச்சு. போன மழையில இங்க வேலையாட்கள் ரெண்டு கூட்டமா கல்லைத் தூக்கிட்டு நின்னாங்களே, பிரிச்சுவிட்டது யாருங்கறீங்க?

—தானா சிரிச்சுக்கிட்டே கலைஞ்சாங்க. நான் பேசின பேச்சுதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

—நோவாகா மேடம். நடுவுல போய் நின்னு ரெண்டு பக்கத்தையும் கேலி பண்ணியே வாங்கு வாங்குன்னு வாங்கினான்.

—சரி. அதுக்கும் அடக்கத்துக்கும் என்ன?

—கேலி முறைக்காரன் வந்து, செத்தவர் மாதிரியே நடந்து காட்டி வம்பு பண்ணாத சாவும் ஒரு சாவா? அம்மா ரெண்டு நாளா வாயே திறக்கலை. என் பக்கம் வந்தா போலீஸ்னு நீங்க அவன்கிட்ட சொன்னதுலேருந்து அவன் என் போனையே எடுக்க மாட்டேங்கறான்.

—இப்படி ஒரு முறை இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். எனக்கு இதைச் சொல்ல, இந்த நாள்ல நீங்க நடந்து வந்திருக்கீங்க. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும் தோயே. இருங்க, போன் போடறேன்... நோவாகா, உவேரா பேசறேன். தப்பு என்னுது. நாளைக்கே வேலைக்கு வாங்க. இன்னைக்கு தோயே வீட்டுக்குப் போங்க, யாரும் தடுக்க மாட்டாங்க.

—போன்ல கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம், பக்கத்துல தோயே காதுல விழுந்துடப் போகுது. போலீஸ் வந்தா வரட்டும்னு, அவன் அங்க கிளம்பின கையோட நான் அவன் வீட்டுக்கு வந்துட்டேன். பெரியவரோட குல்லாயும் செருப்பும் மாட்டிக்கிட்டு வாசல்ல நடந்துக்கிட்டிருக்கேன். அம்மா இப்பதான் சிரிச்சாங்க. அந்த அடிமைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நன்றி கின்றின்னு வந்து கண்ணைக் கசக்கிட்டு நிப்பான்.