எருமை தின்ற அகரம்

அக்கிராசனர் தம்பிதுரை அவர்களே, பள்ளிக் குழுவின் பெரியோர்களே, ஆலைச் சங்குக்குக் காது கொடுத்தபடியே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் விளையாட்டு வகுப்பு ஆசிரியை நாச்சியம்மாளின் வணக்கம்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். பாதிப் பந்தல் எழுந்து வேலைக்குப் போய்விடும். அதற்குள் ஒரு தீர்மானமாம்: நம் சின்னஞ்சிறு பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பை மூடிவிட்டு, ஒப்பிக்கும் வகுப்பை வைக்க வேண்டுமாம். ஆகையால் அவசரமாகவே பேசுவேன், பொறுத்தருளுங்கள்.

குற்றச்சாட்டு என்ன? களிமண்ணில் ககரம் பிடிக்கிறார்கள், புளியங்கொட்டையில் பகரம் அடுக்குகிறார்கள், பருத்திக்கொட்டை ஒட்டிய அட்டையில் அகரத்தைத் தடவுகிறார்கள். இது படிப்பா என்கிறார்கள். நான் கன்னிமாடப் பள்ளியில் பயின்றவள். அங்கே பிரம்பின் வழியாக எழுத்து வந்தது. நன்றாகத்தான் வந்தது. ஆனால் இந்த அறுபத்தெட்டு வயதிலும் பேனாவை எடுத்தால் முதலில் விரற்கணு கூசுகிறது. அது படிப்பா?

சென்ற மாதம் ராசம்மாளின் ஐந்து வயது மகள் சின்னாத்தாள், அகர அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் வெறுங்கையோடு வந்தாள். தகப்பன் மாரப்பனை அழைத்துக் கேட்டேன்.

"பருத்திக்கொட்டை வீணாப் போகுதேன்னு ஊறவெச்சு எருமைக்குப் போட்டுட்டனுங்க."

சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை, திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் அவரே ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுக்கு வந்து பாருங்க. புள்ளை தொட்டிக்குப் பக்கத்துல தீவனப் பருத்திக்கொட்டைய வளைச்சு வளைச்சு வெச்சுக்கிட்டு, எருமைய அண்ட விடமாட்டேங்கறா. பால் கறக்க முடியலீங்க."

போனேன். தரையில் அகரம். சுழி பிசகவில்லை, வளைவு பிசகவில்லை. பார்த்து அடுக்க அட்டை ஏது? அதன் கொட்டையெல்லாம் எருமையின் வயிற்றுக்குள் அல்லவா போயிற்று? அப்படியானால் எழுத்து எங்கே இருந்தது? அந்தப் பிஞ்சு விரலில் இருந்தது.

கைநாட்டு வைத்தே நாற்பதைக் கடந்த மாரப்பன், குனிந்து அந்தக் கொட்டைகளின்மேல் தம் விரலை ஓட்டினார்.

"என்ற பேருக்கு மொத எழுத்து எதுங்கம்மா?"

நான் வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்: "இருங்கப்பா. மா இன்னும் படிக்கலீங்க."

யார் அங்கே, பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் எதைக் காட்டுவது என்று கேட்பது? மாரப்பனைக் காட்டுவேன் ஐயா. அந்த 'மா' வருமுன் வகுப்பை மூடினால், அவருக்கு யார் பதில் சொல்வது? நீங்களா? நானா?

அதோ, சங்கு ஊதுகிறது. நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வகுப்பு நிலைக்க வேண்டும் என்பவர்கள், போகும்போதே ஒரு கையை உயர்த்திக்கொண்டு போங்கள். அக்கிராசனர் எண்ணிக்கொள்வார். ராசம்மா, முதற்கை உன்னுடையதா? நல்லது அம்மணி. உயர்ந்த கைகளுக்கு என் நன்றி. உயராத கைகளுக்கும் என் வணக்கம்.