ஆளுக்கொரு முடிவு

எனக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக வேண்டும் இன்ஸ்பெக்டர் சார். கேஸில் மாட்டியவனுக்கு இது ஒரு கேடா என்று நினைக்காதீர்கள். இந்த விவகாரமே காப்பியில் வந்ததுதான்.

நான் மாத நாவல் எழுதுகிறவன். பெயரைச் சொன்னால் தாம்பரத்தில் ஒருவருக்கும் தெரியாது. அட்டைப்படப் பெண்ணைச் சொன்னால் சிலருக்கு ஞாபகம் வரும். என் ஒரே எதிரி, செம்பாக்கத்தில் பக்கத்து போர்ஷனில் இருந்த ஜெபசீலன். தினம் ஸ்டேஷன் கடையில் என் நாவலின் கடைசிப் பக்கத்தை ஓசியில் படித்துவிட்டு, பீச் போகும் ரயிலில் பெட்டி முழுக்க முடிவைச் சொல்லிவிடுவார். "இன்னா சார், அந்த ஆளு வாயத் தொறந்தா உன் புக்கு ஒண்ணுகூட போவ மாட்டேன்னுது" என்று கடைக்காரர் சேட்டு அலுத்துக்கொண்டார்.

அப்போது என் மூளை வேலை செய்தது. அபூர்வமாக நடப்பது, நானே பயந்திருக்க வேண்டும். இந்த எண்பத்தேழு ஜனவரியில் வந்த நாவலுக்குக் கடைசிப் பாரத்தை, அதாவது முடிவு வருகிற கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் மூன்று விதமாக அச்சடித்துக் கலந்து பைண்ட் செய்தேன். சந்தேகப் பிராணியான கணவனை ஒன்றில் மனைவி மன்னிக்கிறாள். ஒன்றில் விட்டுப் போகிறாள். ஒன்றில் காப்பியில் விஷம் வைக்கிறாள். கணவன் அச்சு அசல் ஜெபசீலன்தான். மனைவி பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்றுகூட விசாரிக்கிற ஆள் அவர்.

ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. ரயிலில் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை. சேட்டு இன்னொரு கட்டுப் புத்தகம் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வழக்கம்போலத் தொப்பைதான் முன்னால் போனது.

ஜெபசீலனுக்குக் கிடைத்தது விஷம். அவர் மனைவி ஞானசௌந்தரி டீச்சர், தங்கமான பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு நானே ஒரு பிரதி கொடுத்தேன். மன்னிக்கிற பிரதி. பார்த்துத்தான் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"முடிவு படிச்சியா?"

"படிச்சேங்க. அவ இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜெபசீலன் வீட்டுக் காப்பியை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டையும். "நான் சமைச்சதைத் தொட மாட்டேங்கிறார் அண்ணா, ஏன்னே தெரியல" என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். இரண்டு பிரதிகளையும் எடுத்துக் காட்டியிருந்தால் போதும். ஆனால் ரகசியம் போனால் விற்பனையும் போய்விடும். ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

அப்போது லெந்து, ஈஸ்டருக்கு முந்தின தவக்கால நாட்கள். ஒரு காலையில் அவள் காப்பியோடு அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "முதல்ல நீ குடி" என்றார். உபவாசம், குடிக்க மாட்டேன் என்றாள். லெந்தில் மத்தியானம்வரை அவள் தண்ணீர்கூடத் தொட மாட்டாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். பயம் பிடித்த மனுஷனுக்கு அது எங்கே ஞாபகம் வரும்? டம்ளர் விழுந்தது. அவள் "அண்ணா" என்று கூப்பிட்டாள். நான் அடுத்த மாத நாவலின் நடுவில் இருந்தேன். சத்தம் நின்ற பிறகுதான் பேனாவை மூடினேன்.

அவள் கழுத்தை நெரித்தது அவர் கை சார். நான் செய்தது வாசகர்களைக் கொஞ்சம் குழப்பியதுதான்.

உங்கள் மேஜையில் இருப்பது விஷப் பிரதி போலிருக்கிறது. அது அவ்வளவு நன்றாக வரவில்லை. அவளுடையதும் உங்களிடம்தானே இருக்கும்? மன்னிக்கிற முடிவைத்தான் நான் மனசு வைத்து எழுதினேன். படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.