தாங்கள் சரியாகப் படித்த வரைபடம்

முன்வரிசையில் மேலாளர், அவருக்கு இடப்பக்கம் வார்ப்பட ஃபோர்மேன், வலப்பக்கம், கைக்குட்டையை இப்போதே எடுத்துவிட்ட வரைவுப் பிரிவு அக்கா, சுவரோரம் தச்சுப் பிரிவினர் பதினால்வர். நடுவே, தங்கள் பணிநிறைவு விழாவுக்கெனத் தங்களுக்குப் போட்ட கைவைத்த நாற்காலி காலி. "வரக் கூச்சமா இருக்கு" என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். அந்த நாற்காலியைப் பார்த்தே இம்மடலை வாசிக்கிறோம்.

மரத்தின் மனமறிந்த மாண்பாளரே! உளிக்கு உயிரூட்டிய உத்தமரே! முப்பத்தோராண்டு எங்களோடு முகம் சுளிக்காது உழைத்த மேஸ்திரியே!

இரும்பை வார்க்குமுன் மரத்தில் மாதிரி செதுக்குவது தங்கள் தொழில். சொன்ன அளவைக் கேட்டே செதுக்கிவந்த தாங்கள், நாற்பத்தொன்பதாம் வயதில் எங்கள் வரைவு அறைக்கு வந்து, "ஒரே பொருளை எதுக்குங்க மூணு தடவ வரையறீங்க? ஒரு தடவ ஒழுங்கா வரையக் கூடாதா?" என்று கேட்டீர்கள். சிரித்தோம். மறுநாள் கவராயமும் மூலைமட்டமும் அடங்கிய புதுப் பெட்டியோடு வந்து நின்றீர்கள், சிரிப்பு நின்றது.

சோப்புக் கட்டியைப் படிக்கட்டு வடிவில் வெட்டி, முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தீர்கள். "உளி சொன்ன பேச்சு கேக்குது, இந்தப் பென்சில்தான் அடம்பிடிக்குது" என்பீர்கள். "மேலேருந்து பாத்தா நான் எப்படித் தெரிவேன்?" என்று கேட்டபோது அக்கா சொன்னார்: "முன்தோற்றத்துல மீசை, மேல்தோற்றத்துல வழுக்கை. ரெண்டையும் சேத்தாத்தான் மேஸ்திரி." அன்று மூன்று தோற்றங்களின் சூட்சுமம் பிடிபட்டதென்று பெருமையாகச் சொல்லித் திரிந்தீர்கள்!

தாங்களே வரைபடம் படித்துச் செதுக்கிய மாதிரியை வைத்துக் கடந்த மாதம் வார்த்த நாற்பது தாங்கிகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பக்கம் மாறி வந்தன. "தச்சனுக்கு எதுக்குய்யா வரைபடம்?" என்றொரு குரல். தாங்களோ, "எனக்குப் படம் படிக்க வரவே இல்ல போல" என்று பெட்டியை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஐயா, இம்மடல் எழுதத் தங்கள் வேலைகளைப் புரட்டுகையில் அந்த வரைபடத்தை மீண்டும் பார்த்தேன். பக்கத்தோற்றம் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று சொல்ல, தாளின் மூலையில் சிறு குறி ஒன்று உண்டு. குறி ஒரு முறையைச் சொல்ல, தோற்றத்தை மற்றொரு முறைப்படி வைத்தவன் தலைமை வரைவாளனாகிய நானே. சரிபார்த்து ஒப்பமிட்டவர் மூவர். ஒருவர் கண்ணிலும் படவில்லை. தாங்கள் ஒருவரே குறியைப் பார்த்து, முறைப்படி படித்து, முறைப்படி செதுக்கினீர்கள். பிழை எங்கள் கோட்டில்; தங்கள் கண்ணில் அன்று. இதை எழுத்தில் மேலாளரிடமும் தந்துவிட்டேன்.

முதுகு வளையாது, முழங்கால் வலியாது, பார்வை மங்காது, எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறைவாய்த் தெரியும் வாழ்வு தங்களுக்கு நீள்க!

அன்பிலும் வெட்கத்திலும் தலைதாழ்த்தும்,
வரைவுப் பிரிவினர், தச்சுப் பிரிவினர்

பி.கு.: வாசித்து முடித்ததும் ஃபோர்மேன் எழுந்து, "அன்னைக்கு அப்படிச் சொன்னது நான்தான். குடுங்க, நானே கொண்டுபோறேன்" என்றார். உறையை ஒட்டுகிறோம். தங்கள் பெட்டியும் அவர் கையில் வருகிறது. வாசலிலேயே நிற்க வைத்துவிடாதீர்கள். நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை.