அட்டையில் இல்லாத அப்பா

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.42, தூறல். கிள்ளானிலிருந்து ரயில் புறப்பட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது. எதிரே ஒரு தாயும் பன்னிரண்டு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் காதுகளில் சத்தத்தைத் தடுக்கும் பெரிய உறை. மடியில் அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் பட அட்டைகள். எண்ணினேன், நான்கு.

“அம்மா, அப்பா ஏறல,” என்றாள் மகள் நிதானமாக.

“ஐயோ! டாய்லெட்டுக்குப் போனாரே! ஏன்டி சொல்லல?”

“கார்ட்ல அப்பா இல்ல.”

உண்மைதான். வீடு, ரயில், நீச்சல் குளம், ஐஸ்கிரீம்.

“உனக்கு ஆட்டிசம், எனக்கு ஏடிஎச்டி. நடுவுல அந்த மனுசன் பாவம் லா!” தாய் சிரித்துக்கொண்டே போன் போட்டாள். “எங்க இருக்கீங்க?”

“நீங்க விட்டுட்டுப் போன எடத்துலதான்!”

“அடுத்த ரயில்ல வாங்க. பாடாங் ஜாவா ஸ்டேஷன்ல எறங்கி நிக்கிறோம்.”

மகள் அட்டைகளை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். “கார்ட்ல அது இல்ல. எறங்க மாட்டேன்.” குரல் உடைந்தது.

தாயின் சிரிப்பு நின்றது. ரயில் வேகம் குறைந்தது. அவள் பையைக் கிளறிப் பென்சிலை எடுத்து, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணவரை வரைந்தாள்: தொப்பை, மீசை, முடி.

மகள் உற்றுப் பார்த்தாள். “அப்பாவுக்கு இவ்ளோ முடி இல்ல.”

தாய் அவசரமாக அழித்தாள். மூன்று மிஞ்சின.

மகள் அதை ரயில் படத்துக்கு அடுத்துச் செருகினாள். “இப்ப எறங்கலாம்.”

அந்த அப்பாவைப் பார்க்காமல் போக மனம் வராமல் நானும் இறங்கிவிட்டேன். இருபத்தெட்டு நிமிடம் கழித்து அப்பா வந்தார். மகள் படத்தை அவர் தலையருகே பிடித்து எண்ணினாள். “அப்பா, மூணுக்கு மேல இருக்கு.”

“ரொம்ப நன்றிம்மா,” என்றார் அவர்.

பிரிக்பீல்ட்ஸ் கண் மருத்துவரிடம் நான் வாங்கியிருந்த நேரம் தவறியது. மறுபதிவுக்கு இருபது ரிங்கிட்.